மக்களுக்கு உப்புநீர்! எண்ணெய்க் கிணற்றுக்கு ஆற்றுநீர்!



இராக் நாட்டின் தெற்குக் கோடியில் பஸ்ரா என்றொரு நகரம் இருக்கிறது. டைகிரிஸ், யூப்ரடீஸ் என்னும் இரண்டு பெரிய நதிகள் ஒன்றாகக் கலந்து, ஷாட்-அல்-அராப் என்ற பெயரில் கடலுக்குப் போகும் வழியில் உள்ள ஊர். பேரீச்சைத் தோப்புகளுக்குப் பேர் போன ஊர். அதைச் சுற்றிப் பூமிக்கடியில் உலகத்தின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் சில இருக்கின்றன. ஆறும் உண்டு, எண்ணெயும் உண்டு. அப்படியானால் அந்த ஊர் ஜனங்கள் எப்படி வாழ வேண்டும்?

2018ஆம் வருஷக் கோடையில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் தெரியுமா? குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். சாக்கடை கலந்த தண்ணீர். வேறு வழியில்லாமல் அதைப் புழங்கியவர்களுக்கு வயிற்றுவலி, வாந்தி, பேதி, உடம்பெல்லாம் சொறி. குறைந்தது 1,18,000 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இது நாம் கட்டிய கணக்கல்ல. ‘மனித உரிமைக் கண்காணிப்பகம்’ என்ற சர்வதேச ஸ்தாபனம் 2019ல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள கணக்கு. கையில் காசு உள்ளவன் நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கினான். காசு இல்லாதவன் நோயை வாங்கினான்.

அந்த ஜூலையிலும் செப்டம்பரிலும் பஸ்ரா வாலிபர்கள் தெருவுக்கு வந்தார்கள். “தண்ணீர் கொடு, வேலை கொடு, மின்சாரம் கொடு” என்று கேட்டார்கள். சர்க்கார் துப்பாக்கிக் குண்டு கொடுத்தது. தண்ணீர் கேட்டவர்களின் ரத்தம் தெருவில் ஓடியது.

அதே மாகாணத்தில், எண்ணெய்க் கம்பெனிகள் ஆற்றுத் தண்ணீரை எடுத்து, வடிகட்டி, சுத்தம் செய்து, ராட்சத பம்புகளை வைத்துப் பூமிக்குள் இறக்கிக் கொண்டிருந்தன. கைக்குழந்தைக்குக் கிடைக்காத வடிகட்டிய தண்ணீர் கற்பாறைக்குக் கிடைத்தது!

இது என்ன நியாயம்? இதன் சூட்சுமம் என்ன? உழைக்கும் மக்கள் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் இது.

தண்ணீரை ஏன் பூமிக்குள் இறக்குகிறார்கள்?

எண்ணெய் பூமிக்கடியில் ஏரி மாதிரி தேங்கி நிற்பதில்லை. செங்கல்லில் தண்ணீர் ஊறி நிற்பதுபோல், பாறையின் நுண்ணிய துளைகளில் ஊறி நிற்கிறது. மேலே உள்ள மண்ணும் பாறையும் அழுத்துகின்றன. கூடவே வாயுவும் அடைபட்டுக் கிடக்கிறது. கிணறு தோண்டியதும், திறந்த சோடா பாட்டில் பொங்குவதுபோல் எண்ணெய் தானாக மேலே வருகிறது.

எத்தனை நாளைக்கு? எடுக்க எடுக்க அழுத்தம் குறைகிறது. கிணறு கிழடாகிறது. பொங்கி வந்தது கசிந்து வருகிறது. பிறகு அதுவும் நிற்கிறது. ஆனால் பாறைக்குள் எண்ணெய் தீர்ந்து போகவில்லை. பெரும்பகுதி உள்ளேயே கிடக்கிறது. அதை வெளியே தள்ள என்ன வழி? பக்கத்தில் இன்னொரு துளை போட்டு, அதன் வழியாகத் தண்ணீரை மிகுந்த அழுத்தத்தோடு உள்ளே செலுத்துகிறார்கள். தண்ணீர் பாறைத் துளைகளில் புகுந்து, எண்ணெயை முன்னால் தள்ளிக் கொண்டு போகிறது. எண்ணெய்க் கிணற்றில் மறுபடி ஊற்று வருகிறது.

எந்தத் தண்ணீரானாலும் சரிதானா? அதுதான் இல்லை. தூசி இருந்தால் பாறைத் துளை அடைத்துப் போகும். பிராணவாயு இருந்தால் இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். கிருமி இருந்தால் அதுவும் குழாயை அரிக்கும். ஆகவே வடிகட்ட வேண்டும், பிராணவாயுவை நீக்க வேண்டும், கிருமியைக் கொல்ல வேண்டும். எண்ணெய்க் கிணறு அவ்வளவு நாசூக்கான பிராணி!

தெற்கு இராக்கில் ருமைலா, மேற்கு குர்னா முதலிய வயல்களில் ‘மிஷ்ரிஃப்’ என்ற சுண்ணாம்புப் பாறை அடுக்கு உண்டு. அதற்குத் தண்ணீர் செலுத்தாமல் தீராது. ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க ஏறத்தாழ ஒன்றரைப் பீப்பாய் தண்ணீர் உள்ளே போக வேண்டும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு பீப்பாய் என்றால் 159 லிட்டர். நாள்தோறும் லட்சக்கணக்கான பீப்பாய் எடுக்கும் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

யந்திரம் குற்றவாளி அல்ல

ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுவோம். நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் அல்லர். பூமியில் பாதியில் விட்டுவிட்டுப் போகும் செல்வத்தைத் தண்ணீரால் தள்ளி எடுப்பது மனித மூளையின் சாமர்த்தியம். அன்றைய சோவியத் நாட்டில் தாதாரிஸ்தானத்தின் ரொமாஷ்கினோ வயலில் 1950களிலேயே பெரிய அளவில் இந்த முறையைக் கையாண்டார்கள். யந்திரத்துக்கு வர்க்கம் கிடையாது. அதை ஓட்டுகிறவன் யார், யாருக்காக ஓட்டுகிறான் என்பதில்தான் வர்க்கம் இருக்கிறது.

இந்த முறை பிறந்த கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் 1865 வாக்கில் பித்ஹோல் என்ற இடத்தில் ஒரு கிணற்றில் தற்செயலாகத் தண்ணீர் புகுந்தது. பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் அதிகமாயிற்று. 1880ல் ஜான் கார்ல் என்ற நிபுணர் இதை எழுதியும் வைத்தார். ஆனால் சட்டம் என்ன சொல்லிற்று? எண்ணெய் மணலில் தண்ணீரை விடக் கூடாது என்றது. லாபம் கண்ட முதலாளிகள் சும்மா இருந்தார்களா? பிராட்ஃபோர்டு வயலில் திருட்டுத்தனமாகக் குழாயைத் துளைத்துத் தண்ணீரை இறக்கினார்கள். கடைசியில் 1921ல் சட்டமே வளைந்து கொடுத்தது. முதலாளியின் லாபம் ஒரு பக்கம், சட்டம் மறு பக்கம் நின்றால் எது குனியும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஒப்பந்தத்தின் சூட்சுமம்

இராக்கின் எண்ணெய் எப்படிக் கம்பெனிகளின் கைக்குத் திரும்பியது?

அன்று இராக்கின் எண்ணெய் முழுவதும் பிரிட்டிஷ், அமெரிக்க, பிரெஞ்சு, டச்சுக் கம்பெனிகளின் பிடியில் இருந்தது. 1946 ஜூலையில் கிர்க்குக் நகரில் கூலி உயர்வும் சங்க உரிமையும் கேட்டுக் கூடிய எண்ணெய்த் தொழிலாளர்களைப் போலீசார் கவுர்பாகித் தோட்டத்தில் சுட்டு வீழ்த்தினார்கள். அந்த ரத்தம் வீண் போகவில்லை. 1958ல் மன்னராட்சி விழுந்தது. 1961ல் காசிம் சர்க்கார் 80ஆம் சட்டத்தின் மூலம் கம்பெனிகளுக்கு விட்டிருந்த நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரைப் பங்கைத் திரும்பப் பிடுங்கியது. 1963ல் காசிமைக் கொன்றார்கள். ஆயிரக்கணக்கான கம்யூனிஸ்டுகளை வேட்டையாடினார்கள். அப்படியும் கோரிக்கை சாகவில்லை. 1972ல் சோவியத் உதவியோடு வடக்கு ருமைலாவில் இராக்கியர் தாமே எண்ணெய் எடுத்தார்கள். அதே வருஷம் ஜூன் 1ந் தேதி இராக் பெட்ரோலியம் கம்பெனி தேச உடைமை ஆயிற்று. 1975க்குள் பஸ்ராவின் எண்ணெயும் முழுக்க நாட்டுக்குச் சொந்தமாயிற்று.

2003ல் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் நுழைந்தன. 2009ல் கம்பெனிகள் திரும்பி வந்தன. ருமைலா வயல் பிரிட்டனின் பி.பி. கம்பெனிக்கும் சீனாவின் அரசாங்க எண்ணெய்க் கம்பெனிக்கும் சேர்த்து ஒப்பந்தமாயிற்று. மேற்கு குர்னாவின் முதல் பகுதி எக்ஸான், ஷெல் கம்பெனிகளுக்குப் போயிற்று. கம்பெனிக் கட்டிடத்தின் மேல் எந்தக் கொடி பறந்தாலும், கணக்குப் புத்தகத்தின் பாஷை ஒன்றுதான்.

ருமைலா ஒப்பந்தத்தில் கூலி பீப்பாய்க்கு 2 டாலர். “பார், இரண்டே டாலர்! இது கொள்ளையா?” என்று கேட்பார்கள். ஒப்பந்தத்தைப் பிரித்துப் பாருங்கள். போட்ட செலவு முழுவதையும் கம்பெனி முதலில் வசூலித்துக் கொள்ளும். அந்த 2 டாலர், பழைய கிணறுகளிலிருந்து ஏற்கெனவே வந்து கொண்டிருந்த எண்ணெய்க்கு அல்ல. அதற்கு மேல் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும்! பழைய அளவாக வைத்த நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் பீப்பாயும் வருஷா வருஷம் குறைந்து கொண்டே போவதாகக் கணக்கு. எட்ட வேண்டிய இலக்கு 28,50,000 பீப்பாய் என்று எழுதினார்கள். பிறகு அதைக் குறைத்தார்கள்.

இதன் அர்த்தம் என்ன? கிழட்டு வயலிலிருந்து எவ்வளவு சீக்கிரம் எவ்வளவு அதிகம் பிழிகிறானோ, அவ்வளவு கூலி. பிழிவதற்கு என்ன வேண்டும்? தண்ணீர். எந்தத் தண்ணீர் சீக்கிரம் கிடைக்கும்? பக்கத்தில் ஓடும் ஆறு! ஊரார் தாகம் ஒப்பந்தத்தின் கூலிக் கணக்கில் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை.

ஆலைத் தொழிலாளிக்கு இது புதிதல்ல. நூல் அறுந்து போகக் கூடாதென்று காற்றில் ஈரம் தூவ ஆலையில் யந்திரம் உண்டு. தொழிலாளியின் தொண்டை காய்கிறதா என்று பார்க்க யந்திரம் கிடையாது.

கடல் இருக்க ஆறு எதற்கு?

“வேறு தண்ணீருக்கு எங்கே போவது?” என்று கேட்பவர்களுக்குப் பதில் பஸ்ராவின் காலடியிலேயே அலையடிக்கிறது. அது வளைகுடாக் கடல்!

அதே கடலின் மறுகரையில் சவுதி அரேபியா இருக்கிறது. உலகத்திலேயே பெரிய எண்ணெய் வயலான கவார் அங்கேதான். குரையா என்ற கடற்கரை ஊரில் நிலையம் கட்டி, 1978லிருந்து கடல்நீரைச் சுத்தம் செய்து அந்த வயலுக்கு அனுப்புகிறார்கள். நம் நாட்டின் பம்பாய்க் கடல் வயலில் 1984 முதல் பாறைக்குள் போவதும் கடல்நீர்தான். ஆக, இது தெரியாத வித்தையல்ல.

போரும் பொருளாதாரத் தடையும் இராக்கைத் தின்ற 1980களையும் 1990களையும் விட்டு விடுவோம். 2009க்குப் பிறகு என்ன நடந்தது? கடல்நீரைக் கொண்டு வரும் பொதுத் திட்டம் ஒன்றை வகுத்து, 2010ல் எக்ஸான் கம்பெனியிடம் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தார்கள். 2012ல் அந்தப் பொறுப்பு கைமாறியது. அப்புறம் பேச்சு, மறுபடி பேச்சு, யார் செலவு செய்வது, யார் எவ்வளவு எடுப்பது என்ற பேரம். 2018ல் பஸ்ரா நோயில் படுத்தபோதும் கடல்நீர்க் குழாய் காகிதத்தில்தான் இருந்தது. 2021ல் பிரான்சின் டோட்டல்எனர்ஜீஸ் கம்பெனியோடு கையெழுத்தாயிற்று. 2025 செப்டம்பரில்தான் கட்டுமான வேலை தொடங்குவதாக அறிவித்தார்கள். பேச்சிலேயே பதினைந்து வருஷம்! எண்ணெய் மட்டும் ஒரு நாளாவது காத்திருந்ததா?

அந்த 2025 அறிவிப்பில் கம்பெனி தன் வாயாலேயே ஒன்றை ஒப்புக் கொண்டது. நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய் கடல்நீர் வந்தால், இப்போது டைகிரிஸ், யூப்ரடீஸ் நதிகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் வயல்களுக்கு எடுக்கும் நன்னீரில் நாளொன்றுக்கு 2,50,000 கன மீட்டர் வரை மிச்சமாகும், அது விவசாயத்துக்கு உதவும் என்றது.

நன்றி! அப்படியானால் இதுவரை அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? 2,50,000 கன மீட்டர் என்றால் 25 கோடி லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் கொடுத்தால் 25 லட்சம் ஜனங்களுக்குப் போதும். பஸ்ரா மாகாணத்தின் ஜனத்தொகை ஏறத்தாழ 40 லட்சம். திருடன் “இனி எடுக்க மாட்டேன்” என்று சொல்வதைத் தர்மம் என்று பாராட்டச் சொல்கிறார்கள்!

சாக்குப் போக்குகள்

கம்பெனிகளின் ஊதுகுழல்கள் மூன்று சாக்குகளைச் சொல்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சாக்கு: “துருக்கியும் ஈரானும் மேலே அணை கட்டின. அதனால்தான் ஆற்றில் நீர் குறைந்தது, கடல் உப்பு ஏறியது. எங்களைக் குறை சொல்லாதே.” மேலே அணைகள் இருப்பது உண்மை. மழை குறைந்ததும் உண்மை. இராக் சர்க்கார் வாய்க்காலையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் சீர்குலைய விட்டதும் உண்மை. ஆனால் ஆற்றில் நீர் குறைந்தால் என்ன செய்வது நியாயம்? பானையில் கஞ்சி குறைந்தால் முதலில் குழந்தைக்கு ஊற்றுவோம். இவர்கள் எண்ணெய்க் கிணற்றுக்கு ஊற்றினார்கள்.

இரண்டாவது சாக்கு: “நாட்டின் மொத்த நீர்ச் செலவில் எண்ணெய் வயல் எடுப்பது சிறு பங்கு.” நாடு முழுவதற்கும் கணக்குப் போட்டால் சிறு பங்குதான். ஆனால் எடுப்பது எந்த இடத்தில்? பஸ்ரா இரண்டு நதிகளுக்கும் கடைமடை! கடைமடை என்றால் என்னவென்று நம் விவசாயத் தொழிலாளிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தலைமடையில் ஒரு குடம் எடுத்தால் தெரியாது. கடைமடையில் ஒரு குடம் எடுத்தால் ஒரு பாத்தி காய்கிறது. ஷாட்-அல்-அராப் ஆற்றில் நன்னீரின் வேகம் இருக்கும் வரை கடல் வெளியே நிற்கிறது. வேகம் குறையக் குறைய உப்பு மேலேறி வருகிறது. அபு-அல்-கசீப் பேரீச்சைத் தோப்பின் வேரில் அந்த உப்பு பாய்கிறது. எருமை குடிக்கும் நீரில் பாய்கிறது. தெற்கு இராக்கில் வறட்சியாலும் உப்பாலும் ஊரை விட்டுக் கிளம்பிய விவசாயக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களிடம் போய் “சிறு பங்கு” என்று சொல்லுங்கள் பார்க்கலாம்!

மூன்றாவது சாக்கு: “சர்க்கார் வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு எண்ணெயிலிருந்துதானே வருகிறது? தண்ணீரை நிறுத்தினால் எண்ணெய் நிற்கும். எண்ணெய் நின்றால் சம்பளம் நிற்கும்.” எண்ணெயை நிறுத்து என்று யார் சொன்னார்கள்? முதலில் குடிக்கட்டும், பிறகு விளையட்டும், அதற்குப் பிறகு கிணறு குடிக்கட்டும் என்கிறோம். கிணற்றுக்குக் கடல்நீர் கொடு. எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் உப்புநீரை ஆற்றிலும் நிலத்திலும் விடாமல் சுத்தம் செய்து மறுபடி உள்ளேயே செலுத்து. செலவாகும் என்பான் முதலாளி. ஆகட்டுமே! அந்தச் செலவை ஏழையின் குடல் ஏன் கொடுக்க வேண்டும்?

தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன?

பஸ்ராவுக்குப் பக்கத்தில் கர்மத் அலி என்ற இடத்தில் ஒரு நீர்நிலையம் உண்டு. ஆற்றுநீரைச் சுத்தம் செய்து எண்ணெய் வயல்களுக்கு அனுப்பும் நிலையம். குழாய் துருப்பிடிக்காமலிருக்க அங்கே சோடியம் டைகுரோமேட் என்ற ஆரஞ்சு நிறத் தூளைக் கலந்து வந்தார்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் விஷம். 2003ல் அமெரிக்கக் காண்ட்ராக்ட் கம்பெனியான கே.பி.ஆர். அந்த நிலையத்தைப் பழுதுபார்க்கும் வேலையை எடுத்தது. விஷத்தூள் தரையெங்கும் சிந்திக் கிடந்தது. காவல் நின்ற அமெரிக்கச் சிப்பாய்கள் அதை மூச்சில் இழுத்தார்கள். அவர்களில் 12 பேருக்கு 2012ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகர ஜூரிகள் 8½ கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். மேல்கோர்ட்டு, அந்தக் கோர்ட்டுக்கு விசாரிக்க அதிகாரம் இல்லை என்று தீர்ப்பையே ரத்துச் செய்தது. தங்கள் நாட்டுச் சிப்பாய்க்கே இதுதான் கதி! அதே நிலையத்தில் வேலை செய்த இராக்கியத் தொழிலாளியின் நெஞ்சுக்குள் போன தூளுக்கு எந்த ஜூரி தீர்ப்புச் சொன்னது?

தொழிலாளி வாயைத் திறக்க வேண்டுமானால் சங்கம் வேண்டும். சதாம் உசேன் 1987ல் 150ஆம் சட்டம் போட்டுப் பொதுத்துறையில் சங்கத்தையே தடை செய்தான். சதாமை விழுத்தி ‘ஜனநாயகம்’ கொண்டு வந்ததாகப் பீற்றிக் கொண்ட அமெரிக்க அதிகாரிகள், சதாமின் சட்டங்களில் எதை எதையோ கிழித்தார்கள். இந்தச் சட்டத்தை மட்டும் பத்திரமாக வைத்துக் கொண்டார்கள்! எண்ணெய்த் தொழிலாளர்கள் பணிந்தார்களா? 2003 ஆகஸ்டிலேயே பஸ்ராவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2007ல் எண்ணெயை அந்நியருக்கு எழுதிக் கொடுக்கும் மசோதாவை எதிர்த்துக் கிளம்பினார்கள். 2013ல் சங்கத் தலைவர் ஹஸன் ஜுமா மீது வழக்குப் போட்டார்கள், வழக்கு நிற்கவில்லை. குழாயில் எது ஓடுகிறது, எங்கே ஓடுகிறது என்று அறிந்தவன் அங்கே வேலை செய்யும் தொழிலாளிதான். அவன் வாயைக் கட்டுவதும் ஆற்றை மறைவாக உறிஞ்சுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

நமக்கு என்ன சம்பந்தம்?

“எங்கோ இராக்கில் நடப்பதற்கு நமக்கென்ன?” என்று ஒரு தோழர் கேட்கலாம்.

1914 நவம்பரில் பிரிட்டிஷார் பஸ்ராவைப் பிடித்தபோது, வளைகுடா எண்ணெய்க்குக் காவலாக அவர்கள் கொண்டு போய் இறக்கியது யாரை? இந்தியச் சிப்பாய்களை, சிப்பாய் உடை மாட்டிய நம் நாட்டு விவசாயி வீட்டுப் பிள்ளைகளை! 1916ல் கூட் முற்றுகையில் பசியால் வாடிச் சிறைப்பட்டவர்களில் பெரும்பாலோர் அவர்களே. இன்றைக்கும் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயில் பெரும் பங்கு இராக்கிலிருந்து வருகிறது. நம் நெல் மூட்டையை ஏற்றிச் செல்லும் லாரியில் பஸ்ராவின் ஆறும் ஒரு துளி எரிகிறது. அதற்காக லாரியை நிறுத்த வேண்டியதில்லை. அந்த எண்ணெயை எடுப்பவனும் அந்தக் கடைமடையில் விதைப்பவனும் நம் வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள் என்று உணர வேண்டும். அவர்கள் தண்ணீர் கேட்டுப் போராடும்போது நம் குரலும் சேர வேண்டும்.

கடல்நீர்க் குழாய் வரட்டும், வேண்டியதுதான். ஆனால் குழாய் வந்தவுடன் நியாயம் வந்துவிடாது. மிச்சமாகும் நன்னீர் யாருக்கு? அதற்குச் சட்டம் எங்கே? “விவசாயத்துக்கு உதவும்” என்பது அறிவிப்பு. அறிவிப்பால் நாற்று வளராது. கம்பெனி எண்ணெயை அவசரமாக இரட்டிப்பாக்க நினைத்தால், கடல்நீரையும் குடித்துவிட்டு ஆற்றையும் குடிக்கும். தடுப்பது யார்? ஒன்றுபட்ட தொழிலாளியும் விவசாயியும்தான்.

ஆகவே பஸ்ரா மக்களோடு சேர்ந்து நாமும் கேட்கிறோம்:

ஆற்றுநீர் முதலில் குடிக்க, அடுத்து விளைவிக்க என்று சட்டம் செய்!

எண்ணெய்க் கிணற்றுக்கு ஆற்றுநீரைத் தடை செய். கடல்நீரையும் கிணற்றின் சொந்த உப்புநீரையுமே செலுத்து!

எந்த வயல் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்ற கணக்கை மாதந்தோறும் மக்கள் முன் வை!

எண்ணெய்த் தொழிலாளிக்குச் சங்கம் வைக்கும் உரிமையை முழுமையாகக் கொடு!

எண்ணெயும் ஆறும் மக்கள் சொத்து! கம்பெனிகளின் வேட்டைக்காடு அல்ல!